மேன்ஹேண்டிலா, மிஸ்ஹேண்டிலா, அசால்ட்டா: ஆங்கிலப் புகாரில் எந்தச் சொல்லைப் போடுவது?

போன மாதம் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தன் பாட்டியை அழைத்துக்கொண்டு வந்தார். பேருந்தில் ஏறும்போது நடத்துநர் பாட்டியைத் தோளில் பிடித்துத் தள்ளியிருக்கிறார். படியில் இடித்து முழங்கால் வீங்கியிருந்தது. தனியார் பேருந்து, முதலாளியின் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினால்தான் மதிப்பார்கள் என்று தம்பி நினைத்தார். தானே ஒன்று எழுதியும் வைத்திருந்தார். செல்போனை வாங்கிப் படித்தேன். இரண்டாவது வரியில் 'மொலெஸ்ட்டட்' என்று இருந்தது.

"தொந்தரவு பண்றதுன்னு அகராதியில போட்டிருந்ததுங்கண்ணா" என்றார்.

அகராதியில் தப்பில்லை. அந்தச் சொல்லின் பழைய பொருள் அதுதான். ஆனால் இன்றைக்கு அந்த மின்னஞ்சலைப் படிக்கிற யாரும் அதைப் பாலியல் சீண்டல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அனுப்பியிருந்தால் நடத்துநர் மேல் நடக்காத குற்றம் ஒன்று விழுந்திருக்கும். அவர் அதை மறுக்கிற வேகத்தில், நடந்த குற்றத்திலிருந்தும் தப்பித்திருப்பார். பாட்டிதான் பொய் சொன்னவராக நின்றிருப்பார்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொடுப்பது என் வேலை. பையருக்கு, அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குபவருக்கு விளக்கம், லாரி ஆபீசுக்கு நோட்டீஸ், இன்சூரன்ஸ் க்ளைம். சாயங்காலத்தில் தெரிந்தவர்களுக்குப் புகார் மனுக்களும் எழுதித் தருகிறேன். அடிக்கடி என்னிடம் வருகிற கேள்வி இதுதான்: முரட்டுத்தனமாக நடந்துகொண்டதைச் சொல்ல ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து சொல் இருக்கிறது, எதைப் போடுவது? மேன்ஹேண்டில், மிஸ்ஹேண்டில், ரஃப் அப், அசால்ட், அப்யூஸ், ஹராஸ், மால், மேங்கிள், பேட்டர், த்ராஷ் என்று வரிசை நீளும். எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே அர்த்தம் எழுதிவைத்துக்கொண்டு, காதுக்குக் கனமாகக் கேட்பதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

நம் பேச்சிலேயே சாத்துவது வேறு, மொத்துவது வேறு, வெளுப்பது வேறு, கையை வைப்பது வேறு. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் நமக்கு உடனே உறுத்துகிறது. ஆங்கிலச் சொற்களுக்கும் அப்படி ஒரு எடை உண்டு. அந்த எடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

## முதலில் கேட்க வேண்டியவை

எந்தச் சொல்லாக இருந்தாலும் நான் நான்கு கேள்வி வைத்துக்கொள்கிறேன்.

1. அடிபட்டது ஆளா, பொருளா?
2. கை பட்டதா, மிரட்டலோடு நின்றதா?
3. ஒருமுறை நடந்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா?
4. படிக்கப்போவது யார்? போலீஸ், சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர், வெளிநாட்டு பையர் ஆகிய மூவரும் ஒரே சொல்லை மூன்று விதமாகப் படிப்பார்கள்.

இதோடு எனக்கென்று ஒரு பழக்கமும் உண்டு. சொல்லுக்குள் என்ன கருவி இருக்கிறது என்று பார்ப்பேன். முரட்டுத்தனத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்குள் ஒரு சுத்தியோ, சீப்போ, களமோ ஒளிந்திருக்கிறது. அது தெரிந்துவிட்டால், எவ்வளவு பலமான அடி, எந்த மாதிரியான அடி என்று மனசுக்குத் தானாகப் பிடிபடும். பஞ்சும் விவசாயமுமாக வளர்ந்த கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அந்தக் கருவிகளில் பாதி ஏற்கெனவே பழக்கம்தான்.

## மேன்ஹேண்டில்

தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது இதுதான். டாக்டரை மேன்ஹேண்டில் செய்தார்கள், நிருபரை மேன்ஹேண்டில் செய்தார்கள் என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். ஆளைப் பிடித்து இழுத்தார்கள், தள்ளினார்கள், சட்டையைப் பிடித்தார்கள் என்பதுதான் அங்கே பொருள்.

சொல்லின் வரலாறு கொஞ்சம் சுற்றி வருகிறது. ஹேண்டில் என்ற வினை 'கை' என்ற சொல்லிலிருந்து வந்தது. கையால் தொடுவது என்பது அதன் மூலப்பொருள். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் மேன்ஹேண்டில் என்றால் ஒரு கருவியைக் கையில் பிடித்து இயக்குவது. அந்த நூற்றாண்டின் கடைசியில் எதிரியைத் தாக்குவதற்கும் அதைச் சொன்னார்கள். அப்புறம் 1834 வாக்கில் கப்பல்காரர்களின் பேச்சில் வேறொரு பொருளோடு வருகிறது: கப்பியும் நெம்புகோலும் இல்லாமல் ஆள்பலத்தால் மட்டும் ஒரு பாரத்தை நகர்த்துவது. அந்தப் பொருளிலிருந்துதான் 1865 வாக்கில் ஒரு மனிதனை முரட்டுத்தனமாகக் கையாளுவது என்ற பொருள் கிளம்புகிறது.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் லோடு இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தச் சொல் முழுசாகப் புரியும். லோடுமேன் மூட்டையின் காதில் கொக்கியைப் போட்டு ஒரு இழுப்பு இழுப்பார். மூட்டை சாய்ந்து வரும்போதே அடியில் தோளைக் கொடுத்துவிடுவார். மூட்டைக்கு வலிக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. அதே பிடியை, அதே இழுப்பை ஒரு மனிதர் மேல் காட்டினால் அதுதான் மேன்ஹேண்டில். ஒருவரை மனிதராக எண்ணாமல் மூட்டையாக எண்ணி நகர்த்துவது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதனால் கூட்டத்திலிருந்து ஒருவரைத் தரதரவென்று இழுத்து வெளியே தள்ளினால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. கன்னத்தில் ஒரு அறை விட்டதற்கு இது பொருந்தாது.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாரத்தை நகர்த்துவது என்ற பழைய பொருள் இன்னும் சாகவில்லை. கம்பெனியில் பையரின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர், எனக்குத் தெரிந்தவர், அட்டைப்பெட்டிகள் நசுங்கிப் போனதற்கு, அவற்றை லோடுமேன்கள் மேன்ஹேண்டில் செய்துவிட்டார்கள் என்று பையருக்கு எழுதினார். பெட்டிகளை முரட்டுத்தனமாகப் போட்டார்கள் என்று சொல்ல நினைத்தார். பையர் தரப்பில் தொழிலாளர் நலம் பார்க்கும் பிரிவிலிருந்து பதில் வந்தது: ஒரு பெட்டி எத்தனை கிலோ, ஏன் தள்ளுவண்டி இல்லாமல் ஆட்களைக் கையால் தூக்க வைக்கிறீர்கள்? பெட்டியைப் பற்றிய கடிதம் ஆட்களைப் பற்றிய விசாரணையாக மாறி, அதை விளக்கவே மூன்று வாரம் போனது.

ஆகவே பொருளுக்கு மேன்ஹேண்டில் வேண்டாம். ஆளுக்குப் போடலாம். வெளிநாட்டுக்காரர் படிப்பதானால் பக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

## மிஸ்ஹேண்டில், ரஃப் ஹேண்ட்லிங்

அந்த மெர்ச்சண்டைசருக்கு வேண்டியிருந்தது இதுதான். மிஸ் என்ற முன்னொட்டு 'தவறாக' என்று பொருள் தரும். 1500 வாக்கிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிற சொல். முரட்டுத்தனம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தலைகீழாக வைத்தது, மழையில் விட்டது, பெட்டி மேல் பெட்டியாக அளவுக்கு மேல் அடுக்கியது எல்லாமே மிஸ்ஹேண்டில்தான். ரஃப் ஹேண்ட்லிங் என்றால் தூக்கிப் போட்டது, எறிந்தது, இழுத்தது. சரக்கு தொடர்பான கடிதங்களில் இரண்டும் ஏற்கெனவே புழங்குவதால் படிப்பவருக்குக் குழப்பம் வராது.

ஆனால் இன்சூரன்ஸில் இந்தச் சொற்களுக்குப் பணமதிப்பு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். கப்பல் சரக்குக்கான இன்ஸ்டிடியூட் கார்கோ க்ளாஸஸ் என்ற விதிகளில் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ வகையில், விலக்கு என்று சொல்லப்பட்டவை தவிர மற்ற எல்லா ஆபத்துக்கும் காப்பு உண்டு. சி வகையில் பட்டியலில் உள்ள ஆபத்துகளுக்கு மட்டும். ரஃப் ஹேண்ட்லிங் அந்தப் பட்டியலில் கிடையாது. ஏ வகையிலும்கூட, பேக்கிங் போதாததால் வந்த சேதம் விலக்கில் இருக்கிறது. கடிதத்தில் 'பெட்டி பலவீனமாக இருந்ததால் ஏற்றி இறக்கும்போது நசுங்கிவிட்டது' என்று நல்லெண்ணத்தில் எழுதினால், உங்கள் க்ளைமை நீங்களே அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பெட்டி நன்றாக இருந்தது, ரஃப் ஹேண்ட்லிங்கால் மூலை நசுங்கியது என்பது உண்மையானால் அதை மட்டும் எழுதுங்கள்.

லாரியில் போன சரக்குக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காமல் லாரி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட முடியாது. சொல் தேடுவதில் நாளைக் கடத்திவிட வேண்டாம்.

ஆளுக்கு மிஸ்ஹேண்டில் போட்டால் குற்றம் சிறிதாகிவிடும். நோயாளியை மிஸ்ஹேண்டில் செய்தார்கள் என்றால் தவறான முறையில் தூக்கினார்கள் என்று படும். வேண்டுமென்றே செய்தார்கள் என்பது அதில் வராது.

## ரஃப் அப்

ரஃப் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் சொரசொரப்பான துணிக்கும் முடி அடர்ந்த தோலுக்கும் சொன்னது. தடவினால் உறுத்தும் பரப்பு. ஒரு ஆளை ரஃப் அப் செய்தார்கள் என்றால், பயமுறுத்துவதற்காக நாலு தட்டுத் தட்டினார்கள் என்று பொருள். எலும்பு முறியவில்லை, சட்டை கிழிந்தது, உதடு வெடித்தது என்ற அளவு.

பேச்சுக்கு நல்ல சொல். மனுவுக்கு வேண்டாம். கொச்சை வாடை இருப்பதால் நீங்கள் விஷயத்தை லேசாக எடுத்துக்கொண்டதாக அதிகாரிக்குத் தோன்றிவிடும்.

இதே ரஃப் சேர்ந்த 'ரஃப்ஷாட்' என்று ஒரு சொல் உண்டு. பனியில் குதிரை வழுக்காமல் இருக்க, லாடத்தில் ஆணித் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி அடிப்பார்கள். அப்படி லாடம் அடித்த குதிரையை ஒருவர் மேல் ஓட்டினால் என்ன ஆகும்? பிறர் உரிமையை மிதித்துக்கொண்டு போவதற்கு அது பெயராகிவிட்டது. வண்டி மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

## அசால்ட்

அதிகம் தவறாகப் போகிற சொல் இது. லத்தீனில் 'மேல் பாய்வது' என்பது இதன் வேர். பாய்வதுதான் வேரில் இருக்கிறது, அடி இல்லை. சட்டமும் அந்த வழியிலேயே போகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 130ஆம் பிரிவு அசால்ட் என்றால் என்ன என்று சொல்கிறது. எதிரில் இருப்பவருக்கு, இவர் நம் மேல் குற்ற நோக்கத்தோடு பலத்தைப் பிரயோகிக்கப் போகிறார் என்ற அச்சம் வரும்படி சைகை காட்டுவதோ ஆயத்தம் செய்வதோ அசால்ட். சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று முஷ்டியை ஆட்டிக் காட்டுவது. இன்னொன்று, கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவது. நாய் கடிக்கவே இல்லை. கட்டை அவிழ்க்கத் தொடங்கியதே அசால்ட் ஆகிவிடும். வெறும் வார்த்தை மட்டும் அசால்ட் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அப்படியானால் கை பட்டதற்கு என்ன பெயர்? 129ஆம் பிரிவில் உள்ள கிரிமினல் ஃபோர்ஸ். அதற்குத் தரப்பட்ட உதாரணங்களில் ஒன்று, தெருவில் போகிற ஒருவரை வேண்டுமென்றே இடித்துத் தள்ளுவது. உடம்பில் வலியோ நோயோ உண்டாக்கினால் அது ஹர்ட், 114ஆம் பிரிவு. ஹர்ட் என்பது எவ்வளவு எளிய சொல் என்று பாருங்கள். கனமில்லை என்று நம் ஆட்கள் அதைத் தள்ளிவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில், வலித்தது என்பதைச் சொல்லும் சரியான சொல் அதுதான்.

போலீஸ் மனுவில் அசால்ட் என்று மட்டும் எழுதினால் புகார் செல்லாமல் போய்விடாது. நடந்ததைப் படித்துப் பிரிவைப் போடுவது அவர்கள் வேலை. ஆனால் அசால்ட் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, எங்கே பிடித்தார், எப்படித் தள்ளினார், எங்கே வலித்தது என்பதை எழுதாமல் விடுவதுதான் பெரிய இழப்பு. சொல் கனமாக இருப்பதால் எல்லாம் சொல்லியாயிற்று என்ற திருப்தி வந்துவிடுகிறது.

## அப்யூஸ், மொலெஸ்ட்

இரண்டும் ஆபத்தான சொற்கள், ஒரே காரணத்துக்காக: இங்கே ஒரு பொருள், வெளியே இன்னொரு பொருள்.

நம் ஊர் ஆங்கிலத்தில் அப்யூஸ் செய்தான் என்றால் கெட்ட வார்த்தையில் திட்டினான். லண்டனிலோ நியூயார்க்கிலோ மேலாளர் ஒரு பெண்ணை அப்யூஸ் செய்தார் என்று படித்தால் அடி, பாலியல் வன்முறை வரைக்கும் நினைப்பார்கள். திருப்பூர் கம்பெனிகளுக்கு இது பெரிய விஷயம். சூப்பர்வைசர் திட்டினார் என்ற ஒரு புகாரை அப்யூஸ் என்று மொழிபெயர்த்தால் ஆர்டர் நின்றுபோகும். நடந்தது உண்மையிலேயே அதைவிட மோசமானது என்றால், அப்யூஸ் என்ற மங்கலான சொல் அதை மூடிவிடும். திட்டியதை வெர்பல் அப்யூஸ் என்று எழுதுங்கள். மற்றதை நடந்தபடி எழுதுங்கள்.

மொலெஸ்ட்டின் லத்தீன் வேருக்குத் தொல்லை தருவது என்று பொருள். சுமை, பாரம் என்ற சொல்லோடு உறவுள்ளது. பழைய சட்டப் பத்திரங்களில் தொல்லை என்ற அர்த்தத்தில் இன்னும் காணலாம். இன்றைய கடிதத்தில் பாலியல் சீண்டலைத் தவிர வேறெதற்கும் அதைத் தொடவே கூடாது.

## மால், மேங்கிள்

மால் என்பது சம்மட்டி. லத்தீனில் மாலியஸ் என்றால் சுத்தி. நம் காதுக்குள் இருக்கும் சுத்தி எலும்புக்கும் அதே பெயர்தான். மரச்சுத்திக்கு மேலட் என்று சொல்வதும் அந்தக் குடும்பம். 13ஆம் நூற்றாண்டில் கனமான ஆயுதத்தால் அடிப்பது, பின்னால் கிழித்துக் குதறுவது என்று பொருள் வளர்ந்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தை ஆளைத் தாக்கிய செய்திகளில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். கிணறு வெட்டும்போது பாறையில் சம்மட்டி இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு சேதம் இருந்தால் மட்டும் மால். தெருநாய் கடித்து ஒரு பல் பதிந்ததற்கு எழுதினால் படிப்பவர் மீதியையும் நம்ப மாட்டார்.

மேங்கிள் திருப்பூருக்கு நேரடியாக வேண்டியது. சாயப் பட்டறையிலும் ஃபினிஷிங்கிலும் பேடிங் மேங்கிள் என்ற மெஷின் உண்டு. ரசாயனத்தில் முக்கி எடுத்த துணி இரண்டு ரோலருக்கு நடுவில் போகும், அழுத்தத்தில் ஈரம் பிழிந்து வழியும், துணி ஒரே சீராக வெளியே வரும். அந்த மேங்கிள் டச்சு மொழி வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் ஆதி வேர் கிரேக்கத்தில் போர்ப்பொறியைக் குறித்த சொல். சிதைப்பது என்ற பொருளுள்ள மேங்கிள் வேறு சொல். அது 1400 வாக்கில் பிரெஞ்சு வழியாக வந்தது, அங்கஹீனமாக்குவது என்ற சொல்லின் உறவாக இருக்கலாம் என்பார்கள். எழுத்திலும் ஒலிப்பிலும் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் தனித்தனியாக வந்த சொற்கள்.

இதில் என்ன ஆபத்து என்றால், பிராசஸிங் ஆட்களுக்கு 'துணி மேங்கிள் ஆகிவிட்டது' என்று எழுதினால் மெஷினில் போய் வந்தது என்று படிக்கும் வாய்ப்பு இருக்கிறது. துணி கிழிந்து சுருண்டு போனதென்றால் கிழிந்தது, சுருண்டது என்று எழுதுவது நல்லது. விபத்தில் உருத்தெரியாமல் நசுங்கிய வண்டிக்கு மேங்கிள்ட் சரியான சொல்.

## பேட்டர், த்ராஷ்

கோவை மளிகைக் கடை ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாக்கெட் இருக்கும், மேலே ஆங்கிலத்தில் பேட்டர் என்று போட்டிருக்கும். மனைவியை அடித்தான் என்பதற்கும் பேட்டர்தான். இரண்டும் ஒரே வேர்: லத்தீனில் அடிப்பது என்ற வினை. அடித்துக் கலக்கிய மாவு ஒன்று, திரும்பத் திரும்ப அடிபட்ட உடம்பு இன்னொன்று. காம்பாட், டிபேட் இரண்டும் இதே வேர்தான். பேட்டரி என்றால் முதலில் அடிதடி, அப்புறம் வரிசையாக வைத்த பீரங்கி. 1740களின் கடைசியில் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரம் சேமிக்கும் ஜாடிகளை வரிசையாக இணைத்து அதற்கு இந்தப் பெயரை வைத்தார்.

மாவு அடிக்கும் கையை நினைத்தால் சொல்லின் எடை தெரியும். ஒரு அடியில் மாவு கலங்காது. பேட்டர் என்றால் விடாமல் அடித்தது. வீட்டுக்குள் மாதக்கணக்கில் அடி வாங்கிய பெண்ணுக்குச் சொல்லும்போது இந்தச் சொல் நியாயம் செய்கிறது. ஒரே ஒரு அறைக்கு இது பொருந்தாது. இங்கிலாந்துச் சட்டத்தில் அசால்ட் என்பது அச்சுறுத்தல், பேட்டரி என்பது தொட்டு அடிப்பது. அங்கே படித்த உறவினர் யாராவது பேட்டரி என்று போடச் சொன்னால் கேட்க வேண்டாம், நம் சட்டத்தில் அந்தப் பெயரில் குற்றம் இல்லை.

த்ராஷ் என்பது களத்துமேட்டுச் சொல். கதிர் அடிப்பதற்கான த்ரெஷ் என்ற சொல்லின் மாற்று வடிவம். அதற்கும் முந்தைய பொருள் காலால் மிதிப்பது. களத்தில் கதிரைப் பரப்பி மாடுகளை வட்டமாக நடக்கவிட்டு மிதிக்கச் செய்ததும், பிறகு தடியால் அடித்ததும் இரண்டுமே அதில் இருக்கிறது. நாம் துணி துவைப்பதிலிருந்து 'வெளுத்துட்டான்' எடுத்துக்கொண்டோம், அவர்கள் கதிர் அடிப்பதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிரிக்கெட்டில் ஒரு அணி இன்னொன்றைத் த்ராஷ் செய்தது என்று தாராளமாக எழுதலாம். காயம்பட்டவர் சார்பில் எழுதும் மனுவில் பெருமை பேசுவது போலத் தொனிக்கும். நான் போடுவதில்லை.

## டீஸ், ஹெக்கிள், புல்லி, ஹராஸ்

கை படாத முரட்டுத்தனத்துக்கான சொற்கள் இவை. முதல் இரண்டும் நூல் தொழிலிலிருந்து வந்தவை. டீஸ் என்றால் கம்பளி இழைகளைப் பிடித்து இழுத்துப் பிரிப்பது. துணியைத் தேய்த்துப் பூ எழுப்பும் முள்செடிக்கு டீசல் என்று பெயர் (வண்டிக்கு ஊற்றும் டீசல் இல்லை); இன்று ஃபிளீஸ் துணிக்கு ரெய்சிங் மெஷின் செய்கிற வேலையை அப்போது அந்த முள்ளை வைத்துச் செய்தார்கள். ஹெக்கிள் என்பது சணல் போன்ற நாரைச் சீவும் இரும்புச் சீப்பு. மேடையில் பேசுபவரைக் குறுக்குக் கேள்வியால் குடைவதற்கு அது பெயரானது. மில்லில் கார்டிங் பகுதியில் நின்றவர்களுக்கு, சீவுவதும் பிரிப்பதும் இழைக்கு எவ்வளவு பாடு என்று தெரியும்.

டீஸ் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1998-ல் இங்கே வந்த சட்டத்தின் பெயரில் ஈவ் டீசிங் என்றே இருந்தது. 2002-ல் அதை எடுத்துவிட்டுப் பெண்களுக்கு எதிரான ஹராஸ்மென்ட் என்று மாற்றினார்கள். டீஸ் என்றால் விளையாட்டுக்குச் சீண்டியது போலத் தொனிக்கிறது. பெண்கள் அனுபவித்ததோ வேறு. சட்டமே கைவிட்ட சொல்லை மனுவில் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

ஹராஸ், களைக்க வைப்பது, ஓயாமல் தொல்லை தருவது என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாயை ஏவிவிடும் கூவலோடு அதற்கு உறவு இருக்கலாம் என்றும் சொல்வார்கள். தொடர்ந்து நடப்பதற்கு இதுவே சரியான சொல். தேதிகளைப் பட்டியலாகப் போட்டால்தான் அதன் பலம் தெரியும்.

புல்லி கதை வேறு மாதிரி. 1530களில் அது அன்புக்குரியவர் என்று பொருள் தந்தது, டச்சு மொழியில் காதலனையும் சகோதரனையும் குறித்த சொல். நல்ல ஆள், அப்புறம் சவடால் பேர்வழி என்று இறங்கி, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எளியவரை நசுக்குபவன் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு எழுதும் கடிதத்தில் தாராளமாகப் போடுங்கள், எல்லா ஆசிரியருக்கும் புரியும்.

## ஒரே பார்வையில்

| சொல் | உள்ளே இருப்பது | எங்கே போடலாம் | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|
| மேன்ஹேண்டில் | ஆள்பலத்தால் நகர்த்தும் பாரம் | ஆளை இழுத்தது, தள்ளியது | சரக்குக் கடிதம் |
| மிஸ்ஹேண்டில் | தவறான கையாளுதல் | சரக்கு, கோப்பு, மெஷின் | ஆளுக்குப் போட்டால் குற்றம் சிறுத்துவிடும் |
| அசால்ட் | மேல் பாய்வது | அடிக்கப் பாய்ந்தது, கை ஓங்கியது | தொட்ட விவரத்தை எழுதாமல் விட்டால் |
| அப்யூஸ் | தவறான பயன்பாடு | வெர்பல் சேர்த்து, திட்டியதற்கு | தனியாக வெளிநாட்டுக்கு எழுதினால் |
| மால் | சம்மட்டி | விலங்கு குதறியது | சிறு காயம் |
| பேட்டர் | விடாத அடி | தொடர்ந்த வன்முறை | ஒரே அறை |
| ஹராஸ் | ஓயாத தொல்லை | பலநாள் நடந்தது | ஒருமுறை நடந்தது |

## இவை எதுவுமே வேண்டாம் என்கிற வழி

இன்னொரு தேர்வும் உண்டு, அதைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கும் வினைகள்: புஷ், புல், கிராப், ஹிட், கிக், த்ரோ, ட்ராப். பிடித்தார், இழுத்தார், தள்ளினார், போட்டார்.

கடிதம் பார்க்கப் படித்தவர் எழுதியது போல இருக்காது என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் புகார் எழுதுவதே, நம்மை மதிக்காதவர் மதிக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் மேன்ஹேண்டில் என்ற சொல்லை எதிர்த்தரப்பு வக்கீல் எப்படி வேண்டுமானாலும் சுருக்கலாம், நீட்டலாம். இடது கையைப் பிடித்துத் தள்ளினார் என்பதை எதுவும் செய்ய முடியாது. நடந்தது அல்லது நடக்கவில்லை, அவ்வளவுதான். சர்வேயரும் 'ட்ராப்ட்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் எவ்வளவு உயரத்திலிருந்து என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் க்ளைம் நகரும்.

கனமான சொல் ஒன்று வேண்டும் என்றால் தலைப்பு வரியில் ஒன்றே ஒன்று போடுங்கள். உள்ளே முழுக்க எளிய வினைகள் இருக்கட்டும். செய்தி எழுதுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஒரு சொல்லில் அடக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது, மேன்ஹேண்டில் அவர்களுக்கு வசதிதான்.

பாட்டியின் மின்னஞ்சலை அப்படித்தான் எழுதினோம். தலைப்பில் மேன்ஹேண்டில், உள்ளே நான்கு வரி. நடத்துநர் என் பாட்டியின் தோளைப் பிடித்தார். தள்ளினார். அவர் படியில் விழுந்தார். வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. பேருந்தின் எண், நேரம், நிறுத்தம். முடித்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் பாட்டிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

முதல் வரியிலேயே நிறுத்தினார். "தோளு இல்ல சாமி. இங்க" என்று ரவிக்கைக் கைக்குக் கீழே காட்டினார். மேல்கையில் நான்கு விரல் பதிந்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது. பேரனே அப்போதுதான் பார்த்தார். தோள் என்பதை எடுத்துவிட்டு மேல்கை என்று மாற்றினோம். தம்பி செல்போனில் படம் எடுத்து மின்னஞ்சலோடு சேர்த்தார்.